பற்று நோட்டில் இருக்கிற பெயர்கள்

எய்யா,

போனில் சொன்னால் "மீட்டிங் இருக்கும்மா, ராத்திரி கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவாய், ராத்திரியும் கூப்பிடமாட்டாய். அதனால் எழுதுகிறேன். கடைக்காரர்கள் வாடிக்கையாளரின் பற்றை எழுதி வைக்கிற உங்கள் கம்பெனியின் கணக்கு ஆப்பைப் பற்றித்தான். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

போன வாரம் தெருமுனைக் கடை அண்ணாச்சி போனை எடுத்துக்கொண்டு நம் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். "தம்பி செஞ்ச ஆப்புல்லா, நோட்டைத் தூக்கிப் போட்டுட்டு இதுக்கு மாறிரலாம்னு பாக்கேன்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இறக்கித் திறந்ததும் போனில் உள்ள எண்கள் அத்தனைக்கும் அனுமதி கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன், ஆப் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி அதே கேள்வி. சரி என்று சொன்னால்தான் உள்ளே விடுகிறது. உள்ளே போனதும் லொகேஷன் கேட்டது. விதிமுறைகள் பக்கம் முழுக்க ஆங்கிலம், அண்ணாச்சிக்கு அதில் ஒரு வரி புரியாது. உன்னிடம் கேட்டதற்கு "எல்லா ஆப்பும் இப்படித்தாம்மா, அவங்களே அலோ குடுக்காங்க" என்று சொல்லிவிட்டாய்.

அலோ கொடுத்தது அண்ணாச்சி. ஆனால் உங்களுக்குப் போய்ச் சேருவது அண்ணாச்சியின் தகவல் மட்டுமா? அவர் போனில் எண்களை எப்படிப் போட்டு வைத்திருக்கிறார் என்று பார்த்தால் உனக்கே புரியும். "பீடி சுத்துத அக்கா பச்சை வீடு", "ஆட்டோ தம்பி பழைய பாக்கி", "டீச்சர் ரெண்டாவது மாடி". இவர்களில் யாரும் உங்கள் ஆப்பைப் பார்த்ததே இல்லை. யாரும் எதற்கும் சம்மதம் சொல்லவில்லை. யார், எங்கே இருக்கிறார், என்ன வேலை பார்க்கிறார், எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பது மொத்தமும் நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கிற ஏதோ ஒரு சர்வருக்குப் போகிறது.

பற்று நோட்டு என்பது என்ன என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, நீயே நம் வீட்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போன பிள்ளைதான். அது கடைக்காரரின் மேஜைக்குள் இருக்கும். பீடிச் சம்பளம் வந்ததும் அந்த அக்கா காசைக் கொடுப்பார், அண்ணாச்சி குறுக்கே ஒரு கோடு அடிப்பார், கணக்கு தீர்ந்தது. நோட்டு முடிந்தால் தாளைக் கிழித்து கடுகோ சீரகமோ மடித்துக் கொடுத்துவிடுவார். போன வருடம் ஐப்பசியில் அந்த அக்கா எவ்வளவு கடன் பட்டிருந்தார் என்பது அத்தோடு உலகத்திலிருந்தே போய்விடும். உங்கள் ஆப்பில் பாக்கி தீர்ந்த பிறகு அந்த வரி அழிகிறதா, அல்லது திரையிலிருந்து மட்டும் மறைகிறதா? இதை நீ டேட்டாபேஸில் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பாக்கி நினைவூட்டல் எஸ்எம்எஸ். கடைக்காரர் ஒரு பொத்தானைத் தொட்டால் வாடிக்கையாளருக்குத் தொகையோடு செய்தி போகிறது. இதை யோசித்தவர் நம் ஊர்ப் பெண்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று தெரியாதவராக இருக்க வேண்டும். வீட்டில் பாதிப் பேருக்கு ஒரே போன்தான். பிள்ளைக்கு நோட்டு வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போக என்று வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருநூறு முந்நூறு பற்று வைத்திருப்பார்கள். அண்ணாச்சி அதை ஒருநாளும் அந்த வீட்டு ஆம்பளையிடம் வாய்விட மாட்டார். உங்கள் எஸ்எம்எஸ் சொல்லிவிடும்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பாய். கடன் பட்டவர்களின் பட்டியல் நம் ஜில்லாவில் எதற்கெல்லாம் பயன்படும் என்று தெரிந்ததால்தான். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் தீக்குளித்தது, இரண்டு பச்சைக் குழந்தைகளோடு. அப்போது நீ கல்லூரியில் இருந்தாய், அந்த வீடியோவை யாரும் அனுப்பினால் பார்க்காதே என்று உனக்குச் சொன்னேன். அநியாய வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, அது இருந்துமே இப்படி நடந்தது. அதற்குப் பிறகு கடன் ஆப்கள் வந்தன. ஈடாக நகை கேட்கவில்லை, பத்திரம் கேட்கவில்லை, போனில் உள்ள எண்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தவணை தவறினால் மாமனாருக்கும் மேனேஜருக்கும் போன் போட்டு மானத்தை வாங்கினார்கள், அதில் உயிரை விட்டவர்கள் உண்டு. இவ்வளவு நடந்த பிறகுதான் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கடன் ஆப்கள் போனில் உள்ள எண்கள், அழைப்பு விவரம், கோப்புகள் எதையும் தொடக் கூடாது என்று வழிகாட்டுதல் போட்டது. 2023 மே மாதக் கடைசியிலிருந்து கூகுள் பிளேயும் கடன் ஆப்களுக்கு எண்களையும் படங்களையும் மறுத்துவிட்டது.

"நம்ம ஆப்பு கடன் ஆப்பு இல்லம்மா" என்று நீ சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. இல்லைதான். அதனால்தான் அந்த இரண்டு விதியும் உங்களைத் தொடவில்லை, அதனால்தான் இன்னமும் எல்லா எண்களையும் கேட்கிறீர்கள். ஆனால் அடுத்த வருடம் கடைக்காரர்களுக்குக் கடன் கொடுக்கும் திட்டம் வருகிறது என்று தீபாவளிக்கு வந்தபோது நீதான் சொன்னாய். அன்றைக்குப் புதிதாக யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிராது, எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கும். கம்பெனி கைமாறினால், மூடினால், அந்தப் பட்டியலும் சொத்துக் கணக்கில் சேர்ந்து யார் கைக்கோ போகும். உங்கள் முதலாளி நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு அடுத்து வருபவரை நீ பார்த்திருக்கிறாயா?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அரசாங்கத்துக்கு அதில் நிறைய விலக்கு கொடுத்திருக்கிறார்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கை வைத்திருக்கிறார்கள், அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் சம்மதத்தைப் பற்றிய ஆறாம் பிரிவை நீ உட்கார்ந்து படிக்க வேண்டும். அங்கே ஓர் உதாரணமே தந்திருக்கிறார்கள். ஒரு பெண் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேச ஓர் ஆப் போடுகிறாள், அது அவளுடைய தொடர்பு எண்களையும் கேட்கிறது, அவள் இரண்டுக்கும் சரி என்கிறாள். மருத்துவ ஆலோசனைக்கு அந்த எண்கள் தேவையில்லை என்பதால் அவள் கொடுத்த சம்மதம் ஆலோசனைக்கு மட்டும்தான் செல்லும் என்கிறது சட்டம். உங்கள் ஆப்பைப் பார்த்து எழுதியது மாதிரியே இருக்கிறது. அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் அறிவிப்பைப் படிக்க வழி செய்ய வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. தமிழ் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது, மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் அனுப்பு, நான் செய்து தருகிறேன்.

இத்தனைக்கும் உங்களுக்கு அந்த அனுமதி தேவையே இல்லை, இதுதான் எனக்கு ஆற்றாமை. கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதானே? ஆண்ட்ராய்டிலேயே போனின் தொடர்புப் பட்டியலைத் திறந்து பயனர் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரே ஓர் எண்ணை மட்டும் ஆப்பிடம் கொடுக்கும் வசதி எத்தனையோ காலமாக இருக்கிறது. எல்லா எண்களையும் படிக்கிற ரீட் காண்டாக்ட்ஸ் அனுமதி கேட்கவே வேண்டாம். உனக்கு இது அரை நாள் வேலை. லொகேஷனுக்கு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை, மளிகைக் கடை எங்கே ஓடிப் போகப் போகிறது?

பேக்கப் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். போன் தண்ணீரில் விழுந்தால் அண்ணாச்சியின் கணக்கு மொத்தமும் போய்விடும், நோட்டு அப்படிப் போகாது. ஆனால் பேக்கப்பை நீங்கள் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கலாமே. வாட்ஸ்அப் 2021-லேயே அதைக் கொண்டுவந்தது, கடவுச்சொல் வைக்கலாம், அல்லது 64 இலக்கச் சாவி ஒன்றைப் பயனரே வைத்துக்கொள்ளலாம், தொலைத்தால் அவர்களாலும் திறந்து தர முடியாது. அண்ணாச்சி தொலைத்துவிடுவார் என்பாய். கடை லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிற மனுசர் அவர், அதன் பின்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொடுக்க என்னால் முடியும்.

"எங்க சர்வர் ரொம்ப பாதுகாப்பும்மா" என்று மட்டும் சொல்லாதே. கூடங்குளத்தில் 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையத்தின் மீது இணையத் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று அறிக்கை வந்தது. மறுநாளே நிர்வாக வேலைக்கான ஒரு கணினியில் தீநிரல் புகுந்தது உண்மைதான் என்று அணுமின் கழகம் ஒத்துக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே அவர்களுக்குத் தகவல் வந்துவிட்டது. உலை சம்பந்தப்பட்ட நெட்வொர்க்கை இணையத்தோடு சேர்க்காமல் தனியாக வைத்திருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். அணு உலைக்கே காப்பு அதுதான் என்றால், பச்சை வீட்டு அக்காவின் பாக்கிக் கணக்கையும் இணைப்பில் இல்லாத இடத்தில், அதாவது அண்ணாச்சியின் போனுக்குள்ளேயே வைப்பதில் என்ன கஷ்டம்?

போனுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தூத்துக்குடியில் 2018 மே 22-ஆம் தேதி துப்பாக்கிச்சூடு நடந்து பலர் செத்துப்போன மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாள் இணையத்தை நிறுத்த அரசு உத்தரவிட்டது. இன்ஜினியரிங் கவுன்சலிங் முதல்முதலாக ஆன்லைனுக்கு மாறிய வருடம், விண்ணப்பம் போடுகிற மாதம். பிள்ளைகள் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு நம் சென்டர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். சுட்டது ஒரு ஊரில், வாய் அடைத்தது மூன்று ஜில்லாவுக்கு. உங்கள் ஆப்பை நான் ஃப்ளைட் மோடில் போட்டுப் பார்த்தேன், வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் அண்ணாச்சி பாக்கிக் கணக்கை எங்கே போய்ப் பார்ப்பார்?

அடுத்தவர் தகவல் கையில் இருந்தால் என்ன பாடு என்பது பிரவுசிங் சென்டர் வைத்திருந்த எனக்கு நன்றாகவே தெரியும். 2011 விதிகளின்படி வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பேரும் நேரமும் எழுதி, ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது என்றுகூட இருந்தது. ஒருநாள் ஒரு பெரியவர் வந்து தன் மகள் எந்தெந்த நாள் வந்தாள், எவ்வளவு நேரம் இருந்தாள் என்று அந்த நோட்டைக் காட்டச் சொன்னார். பார்த்தால் நல்ல மனுசர், அழுதுகொண்டே கேட்டார். காட்டவில்லை. போலீஸ் முறைப்படி கேட்டால்தான் காட்டுவேன் என்று சொல்லிவிட்டேன், அதற்குப் பிறகு அவர் குடும்பமே நம் கடைப்பக்கம் வரவில்லை. வருடம் முடிந்ததும் நோட்டைப் புறவாசலில் போட்டு எரிப்பேன், நீதான் தீப்பெட்டி எடுத்துத் தருவாய்.

பிறகு எப்படிம்மா சம்பாதிக்க, ஆப் இலவசமாச்சே என்று கேட்டாயே, அதற்கும் சொல்கிறேன். காசு கேளுங்கள். பணம் வந்தால் சத்தம் போடுகிற அந்தச் சின்னப் பெட்டிக்கு அண்ணாச்சி மாதாமாதம் வாடகை கட்டுகிறார், முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறார், ஏனென்றால் அது அவருக்கு வேண்டியிருக்கிறது. கணக்கு ஆப்புக்கும் கட்டுவார். நிஜமான இலவசம் எப்படி இருக்கும் என்பதை நீ பார்த்துத்தான் வளர்ந்தாய். ஒரு ஃபாண்டில் அடித்தது இன்னொரு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில், ராத்திரி முழித்து எழுத்துரு மாற்றியும் விசைப்பலகையும் செய்து சும்மா கொடுத்தார்கள் முகம் தெரியாத மனுசர்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அதில் ஒரு புத்தகத்தை இறக்க யாரும் நம் போனில் உள்ள எண்களைக் கேட்டதில்லை. என் மடியில் உட்கார்ந்து தமிழ்99-ல் நீ முதலில் அடித்தது உன் பேரைத்தான், அந்த விசைப்பலகைக்கும் நாம் ஒரு பைசா கொடுக்கவில்லை.

நீ ஒருத்தன் சொல்லி கம்பெனி கேட்குமா என்றால், எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அனுமதிக் கேள்வியை எழுதியது யாரோ ஒரு ஆள்தானே, அது நீயாகவோ உன் பக்கத்து மேஜைப் பிள்ளையாகவோ இருக்கலாம். அடுத்த மீட்டிங்கில் எண்ணைத் தேர்ந்தெடுக்கிற வசதியையாவது முதலில் கேள், அதுதான் சுலபம், செலவும் இல்லை. எஸ்எம்எஸ்ஸில் தொகையை எடுக்கச் சொல். பாக்கி தீர்ந்த வரியைச் சர்வரிலிருந்து அழிப்பதைப் பற்றிப் பேசினால் சண்டை வரும் என்று நினைக்கிறேன், அதை மூன்றாவதாக வைத்துக்கொள். ஆறாம் பிரிவை அச்செடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களிடம் காட்டு.

அண்ணாச்சியிடம் தை மாதம் வரை பொறுங்கள், அதுவரை நோட்டே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுது, போனில் வேண்டாம், எழுது. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

அம்மா
பாளையங்கோட்டை