சேலை அனுப்ப வேண்டாம், அக்கா

மௌண்ட் ஹாகன்,
பாப்புவா நியூ கினி

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அத்தானுக்கும் என் ஸ்தோத்திரம். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் நாலு வார்த்தை அனுப்பியதோடு சரி, விவரமாக எழுத முடியவில்லை. எங்கள் மடம் இருக்கிற மலையில் சிக்னல் வருவதும் போவதும் அதன் இஷ்டம். நாளைக்கு ஹாகன் டவுனுக்குப் போகிற சிஸ்டர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவார்.

முதலில் ஓர் அவசரமான விஷயம். மரியாயின் சேனைப் பெண்கள் இங்கே அனுப்புவதற்காகப் பழைய சேலைகளும் பிள்ளைகளின் உடுப்புகளும் சேர்க்கிறார்கள் என்று சொன்னாயே, அதை நிறுத்தச் சொல். அவர்கள் மனம் நோகாமல் பேச உனக்குத்தான் வரும். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

சென்னை, சிங்கப்பூர், போர்ட் மோர்ஸ்பி, அப்புறம் சின்ன விமானத்தில் ஹாகன். தலைநகரத்திலிருந்து இந்த மலைநாட்டுக்கு ரோடே கிடையாது. சாமான்கள் எல்லாம் லாயே துறைமுகத்தில் இறங்கி, ஹைலண்ட்ஸ் ஹைவே என்ற ஒரே ரோட்டை நம்பி மேலே வருகின்றன. மழையில் மண் சரிந்தால் டீசலும் வராது, மருந்தும் வராது. அந்த மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஜீப் போகிற வரை பாதை, அதற்கு மேல் நடைதான். நம் ஊர் மணப்பாட்டு மணலில் நடந்து பழகிய காலுக்கு இந்தச் சேறு பிடிபடவே இல்லை. ஊர்ப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள், நான் பூட்ஸ் போட்டுக்கொண்டு அவர்கள் கையைப் பிடித்து இறங்குகிறேன்.

குளிரைப் பற்றி அம்மா கண்டிப்பாகக் கேட்பாள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடுதான், ஆனால் நாங்கள் 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். மதியத்துக்குமேல் மழை, ராத்திரி இரண்டு கம்பளி. அம்மா திணித்துவிட்ட ஸ்வெட்டரை வேண்டாம் என்று சண்டை போட்டேனே, இப்போது அதைக் கழற்றுவதே இல்லை.

சாப்பாடு சீனிக்கிழங்கு. இங்கே கவ்கவ் என்கிறார்கள். காலையில் அவித்தது, மத்தியானம் சுட்டது, ராத்திரி மறுபடியும் அவித்தது. விசேஷம் என்றால் மூமூ. குழி வெட்டி, நெருப்பில் பழுத்த கற்களை அடுக்கி, வாழை இலை பரப்பி, பன்றிக்கறியும் கிழங்கும் கீரையும் வைத்து மூடிவிடுகிறார்கள். சில மணி நேரம் கழித்துத் திறந்தால் அந்த மணம் இருக்கிறதே! மசாலா எதுவும் கிடையாது, உப்புகூடக் கணக்காகத்தான். அப்படியும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். மீன் என்றால் டப்பா மீன்தான். இதை மட்டும் அப்பாவிடம் சொல்லாதே, அவரால் தாங்க முடியாது.

பாட்டி இருந்திருந்தால் இந்த நாட்டை விட்டுப் போயிருக்கவே மாட்டாள். ஆணும் பெண்ணும் பாக்கு மெல்லாத நேரமில்லை. வெற்றிலைக்குப் பதிலாக, அதே இனத்துக் கொடியில் நீளமாகக் காய்க்கும் ஒன்றைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிக்கிறார்கள். பாக்குமரம் இந்தக் குளிரில் வளராது என்பதால் கடலோரத்திலிருந்து லாரியில் வந்து இங்கே விலை ஏறிவிடுகிறது. வாய்ப்புற்றுநோய் மிக அதிகமாக உள்ள நாடுகளில் இதுவும் ஒன்று. சந்தையில் சிவந்த வாயோடு எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நர்ஸாக நான் கண்டிக்க வேண்டும், எனக்கோ பாட்டி ஞாபகம் வந்துவிடுகிறது.

சரி, சேலை விஷயம். கிளம்புமுன் பூசையில் நம் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார், ஞாபகம் இருக்கிறதா? உண்ண உணவும் உடுக்க உடையும் இல்லாத மக்களிடம் நம் மகள் போகிறாள் என்றார். நீங்கள் எல்லாரும் அழுதீர்கள். இங்கே வந்து பார்த்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தோட்டம் இருக்கிறது. கவ்கவ், கீரை, வாழை, விற்பதற்குக் கொஞ்சம் காப்பி. நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 97 சதவீதம் குலங்களுக்குச் சொந்தமாம், வெளியாள் விலை கொடுத்து வாங்க முடியாது. நம் தெருவிலோ பாதி வீட்டுக்குப் பட்டா இல்லை. இந்த ஊரில் யாரும் பசியோடு படுப்பதை நான் இதுவரை பார்க்கவில்லை. பழைய துணியும் ஆஸ்திரேலியாவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து சந்தையில் குவிகிறது. அதில் நம் சேலையை யார் கட்டுவார்கள்?

இங்கே இல்லாதது வழி. போன வாரம் தலைப்பிரசவக்காரி ஒருத்தியை இரண்டு கம்பில் போர்வையைக் கட்டிச் சுமந்து வந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் வலி கண்டு, ராத்திரி முழுக்க நடந்து, விடிந்த பிறகு எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கள் மதர் போலந்துக்காரர், இங்கேயே நரைத்தவர். ஒரு வார்த்தை பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் பிள்ளையைப் பிலூம் என்ற பின்னல் பைக்குள் தூங்கவைத்து, அதன் வாரை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் நடந்தே திரும்பிவிட்டாள். நம் தூளியைச் சேலையோடு அவிழ்த்து எடுத்துக்கொண்டு நடப்பது மாதிரி இருந்தது.

தடுப்பூசியும் இதே கதைதான். போலியோ ஒழிந்துவிட்டது என்று 2000-ல் அறிவிக்கப்பட்ட நாடு இது. 2018-ல் திரும்ப வந்துவிட்டது. நம்மூரில் சொட்டு மருந்து நாளன்று பஸ் ஸ்டாண்டிலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே ஐஸ் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஐஸ் உருகுவதற்குள் மலை ஏறி இறங்க வேண்டும். கிராமப்புற மருத்துவத்தில் பாதியளவு திருச்சபைகளின் கையில் இருப்பதும் இதனால்தான். அரசாங்கம் சம்பளமும் மருந்தும் கொடுக்கிறது, ஆளும் கட்டடமும் சபைகளுடையது.

இந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசிக்காதே. குலங்களுக்குள் சண்டை வந்தால் ரோடு மூடிவிடும். முன்பு வில்லும் அம்பும், இப்போது துப்பாக்கியும் உண்டு. அதைவிட என்னை உலுக்குவது சூனியப் பழி. ஒரு வீட்டில் திடீரென்று யாராவது செத்தால், பெரும்பாலும் ஆதரவற்ற ஒரு பெண்ணைக் கைகாட்டிவிடுகிறார்கள். 2013-ல் இதே ஹாகனில் 20 வயதுப் பெண் ஒருத்தியைக் கூட்டத்தின் நடுவில் எரித்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகு, சூனியத்துக்குப் பயந்து கொன்றேன் என்றால் தண்டனையைக் குறைக்க இடம் கொடுத்த பழைய சூனியச் சட்டத்தை நீக்கினார்கள், ஆனால் பழி சுமத்துவது நிற்கவில்லை. மெண்டி என்ற மலைநாட்டு ஊரில் லொரேனா ஜெனல் என்ற சுவிஸ் நாட்டுச் சிஸ்டர் இப்படித் தப்பி வந்த பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்து வருகிறார். நாங்கள் இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவோம், தனியாக எங்கேயும் போவதில்லை. போதுமா?

இனி அம்மாவுக்கும் வாசிக்கலாம். ஞாயிறு பூசை டோக் பிசின் மொழியில். இந்த நாட்டில் 800-க்கும் அதிகமான மொழிகள், அதனால் பொதுவாக இதை வைத்துக்கொள்கிறார்கள். ஜெபமாலையை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். சவேரியார் 1542-ல் நம் கரைக்கு வந்தபோது தமிழ் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களை எழுதி வாங்கி அப்படித்தானே ஒப்பித்தார்! காணிக்கைப் பவனியில் ‘குண்டு’ என்று இவர்கள் சொல்கிற இடை சிறுத்த மேளத்தை அடித்து, தலையில் இறகு சூடி ஆடிக்கொண்டே வந்தார்கள். கோவிலில் தோ ரோத்தின் படம் மாட்டியிருக்கிறார்கள். பீட்டர் தோ ரோத், உபதேசியார், குடும்பஸ்தர். உலகப் போரில் இங்கே வந்த ஜப்பான்காரர்கள் தடுத்த பிறகும் சபையை நடத்தியதற்காக 1945-ல் கொல்லப்பட்டவர். 2025 அக்டோபர் 19 அன்று இந்த நாட்டின் முதல் புனிதராக ஆனார். எங்கள் ஊர்ப் பக்கத்திலும் தேவசகாயம் பிள்ளை என்று ஒரு குடும்பஸ்தர் 2022-ல் புனிதரானார் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் சொன்னேன். பெண்களுக்கு ஒரே சந்தோஷம், அவர் மனைவி பெயர் என்ன என்றுதான் முதலில் கேட்டார்கள். ஞானப்பூ என்றேன்.

சேனைப் பெண்களிடம் ஏற்கனவே பணம் சேர்ந்திருந்தால் வீணாக்க வேண்டாம். எங்களோடு வேலை செய்கிற இந்த ஊர்ப் பெண் ஒருத்தியைச் சுகாதாரப் பணியாளர் பயிற்சிக்கு அனுப்ப மதர் நினைக்கிறார். இரண்டு வருஷப் படிப்பு. அவளுக்கு இந்தப் பாதைகளும் தெரியும், மொழியும் தெரியும். நான் கற்றுக்கொண்டு தேறுவதற்குள் அவள் பத்து மலையைச் சுற்றிவிடுவாள். தூத்துக்குடியில் உள்ள எங்கள் சபை இல்லத்தில் கொடுத்தால் வந்து சேரும். சேலைகளைச் சுனாமிக் காலனியில் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு வேண்டுமானால், யாராவது வரும்போது சாம்பார்ப் பொடி மட்டும் கொடுத்துவிடு. இங்கே உங்களைவிட நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீ வேலையெல்லாம் முடித்து ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிடு, நாங்கள் ஜெபம் முடித்து அடுப்படியில் இருப்போம்.

உன் தங்கை