தொன்மம் அறியாமையின் பிள்ளையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் தொன்மங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அறிவியல் இல்லாத காலத்தில், இடி ஏன் இடிக்கிறது என்று தெரியாதவர்கள் கட்டிவிட்ட கதைகள்தான் அவை என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், எரிமலைப் பள்ளத்துக்குள் ஓர் ஏரி இருக்கிறது. ஆழம் 594 மீட்டர். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்ற மலை வெடித்து, உச்சி உள்ளே சரிந்து உண்டான பள்ளம் அது. பாதாளத்துத் தலைவன் லாவோவும் வானுலகத்துத் தலைவன் ஸ்கெல்லும் அங்கே நெருப்பும் பாறையும் வீசிச் சண்டையிட்டார்கள், தோற்ற லாவோ மலையோடு உள்ளே போனான், குழியில் தண்ணீர் நிறைந்தது என்பது கிளமாத் பழங்குடியினரின் கதை. 1938இல் அந்த வட்டாரத்துக் குகை ஒன்றில், மசாமாவின் சாம்பலுக்கு அடியில், செடிப்பட்டையில் பின்னிய செருப்புகள் கிடைத்தன. மலை வெடிக்கும் முன்பே அங்கே ஆட்கள் நடமாடியிருக்கிறார்கள். கண்ணால் கண்டதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தாலே சிலிர்க்கிறது.

சரி, எல்லாத் தொன்மத்துக்கு அடியிலும் இப்படி ஒரு செருப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் சொல்லும் மௌயி கதையைப் பாருங்கள். சாவை ஒழித்தே தீருவது என்று கிளம்புகிறான் மௌயி. மரணத்தின் தேவி தூங்கும்போது அவள் உடலுக்குள் புகுந்து வாய் வழியே வெளியே வந்துவிட்டால் போதும், மனிதருக்கு இனிச் சாவில்லை. "நான் வெளியே வரும்வரை யாரும் சிரித்துவிடாதீர்கள்" என்று கூட வந்த பறவைகளைக் கேட்டுக்கொள்கிறான். பாதி உடம்பு உள்ளே போய்விட்டது. கால்கள் மட்டும் வெளியே உதைத்துக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்த்த விசிறிவாலிக் குருவியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேவி விழித்துக்கொள்கிறாள். அவ்வளவுதான்.

என் அம்மா இறந்த மாதத்தில் இதைப் படித்தேன். என்ன நோய், எந்த உறுப்பு செயலிழந்தது என்றெல்லாம் மருத்துவர் பொறுமையாக விளக்கியிருந்தார். எல்லாம் புரிந்தது. அப்புறமும் 'ஏன்' என்ற ஒன்று தொண்டையில் அடைத்தபடியே இருந்தது. அதற்கு மௌயி கதையிலும் பதில் இல்லை. ஆனால் எந்தக் காலத்திலோ யாரோ இதே கேள்வியோடு என்னைப் போல உட்கார்ந்திருந்தார்கள், நமக்காக ஒருவன் முட்டி மோதிப் பார்த்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். அன்றுதான் எனக்கு வாய்விட்டு அழ முடிந்தது.

தொன்மம் எல்லாமே ஆறுதல் தரும் என்று சொல்லவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில், நியூகினிக்குப் பக்கத்தில் உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, 'எங்கள் முன்னோர் இந்த இடத்தில்தான் பூமிக்குள்ளிருந்து வந்தார்கள்' என்ற கதையே அங்கே நிலத்துக்குப் பத்திரம் போல இருந்ததைக் காட்டினார். மனிதரை மேல், கீழ் என்று பிரிக்கவும் கதைகள் உதவியிருக்கின்றன. இந்தக் கதையால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கத்தான் வேண்டும். அறியாமை என்று ஒதுக்கிவிட்டால் அதைக்கூடக் கேட்க மாட்டோம்.

ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் பகுதியில் இத்தகைய கதைகளை முழுசாகப் போடுங்கள். கீழே 'நீதி' என்று ஒரு வரி சேர்க்காதீர்கள். விசிறிவாலி ஏன் சிரித்தது என்று பிள்ளைகளே பேசிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்