வில்லங்கச் சான்றில் "இல்லை" என்று வந்தால், எது இல்லை?

பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

மனையும் வீடும் வாங்குகிறவர்களுக்குப் பத்திரம் பார்த்துக் கொடுப்பது எங்கள் அன்றாட வேலை. முதல் வீடு வாங்க வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே காகிதம்தான் இருக்கும், இணையத்தில் எடுத்த வில்லங்கச் சான்று (ஈ.சி.), அதாவது சொத்தின் மேல் பதிவான கிரையம், அடமானம் முதலியவற்றைத் தேடிக் காட்டும் தாள். "ஈ.சி. போட்டுப் பார்த்துட்டோம், சுத்தமா இருக்கு" என்பார்கள். அந்தச் சான்று எதைத் தேடியது, எதைத் தேடாமல் விட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. அது வாங்குகிறவருக்குத் தெரியும்படி சான்றை மாற்றி அமைக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் புல எண், அதாவது நில அளவையில் நிலத்துக்குக் கொடுத்த எண். 112/3 என்று ஒரே எண்ணில் கிடக்கும் 3 ஏக்கர் நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குடும்பத்தில் பாகம் பிரிந்து உட்பிரிவு ஆனதும் அது 112/3ஏ, 112/3பி ஆகிறது. மனை போட்டு விற்றதும் இன்னும் உடைந்து 112/3ஏ1, 3ஏ2 என்று போகிறது. நகர நில அளவை நடந்த ஊராக இருந்தால் இந்த எண்ணும் மறைந்து வார்டு, பிளாக், டி.எஸ். (நகர அளவை) எண் வந்துவிடும். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி வாங்குகிறவர் பட்டாவில் உள்ள இன்றைய எண்ணை மட்டும் போட்டுத் தேடுகிறார். 3 ஏக்கரும் ஒன்றாக இருந்தபோது 112/3 என்று தபசில் (பத்திரத்தின் சொத்து விவரம்) எழுதிப் பதிவான அடமானம் அந்தத் தேடலில் சிக்காது. மனை எண்ணையும் சேர்த்துப் போட்டால் வலை இன்னும் சுருங்கும். மனைப் பிரிவு போட்டவர் மொத்த நிலத்தின் மேல் வாங்கிய கடன் எந்த மனை எண்ணிலும் எழுதப்பட்டிருக்காது.

விண்ணப்பதாரர் கொடுத்த சொத்து விவரத்தை ஒட்டியே தேடப்பட்டது, ஆவணத்தில் விவரம் வேறு விதமாக இருந்தால் அது இதில் வராது என்று சான்றுப் படிவத்தின் குறிப்பே சொல்கிறது. சட்டப்படி அது சரி. ஆனால் தன் சொத்துக்குப் பழைய எண் என்ன என்று முதல்முறை வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? எந்த எண் எதிலிருந்து பிரிந்தது என்ற கணக்கு வருவாய்த்துறையிடமும் நில அளவைத் துறையிடமும் இருக்கிறது. அதை வாங்கித் தேடுபொறியோடு இணையுங்கள். 112/3ஏ1 என்று தட்டியதும் "இதன் தாய் எண்கள் 112/3ஏ, 112/3. அவற்றிலும் தேடவா?" என்று திரை கேட்க வேண்டும். அது வரும்வரை வாங்குகிறவர்கள் தாய்ப் பத்திரங்களின், அதாவது சொத்தின் முந்தைய பத்திரங்களின் தபசிலில் உள்ள எல்லா எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சான்று எடுக்க வேண்டியதுதான். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலக எல்லை. ஒரு கிராமம் பழைய அலுவலகத்திலிருந்து புதிய அலுவலகத்துக்கு மாறினால், மாறிய தேதிக்கு முந்தைய பதிவுகளைப் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். எந்தத் தேதியில் மாறியது என்பது அங்கே பல ஆண்டு உட்கார்ந்த எழுத்தர்களுக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. கிராமத்தின் பெயருக்கு நேராகவே "இன்ன தேதி வரை இன்ன அலுவலகம்" என்று காட்டுவது பெரிய வேலை இல்லை. இணையத்தில் எந்த ஆண்டு முதல் கிடைக்கிறது, அதற்கு முந்தையதைக் கைத்தேடலில் (அலுவலகப் பதிவேடுகளைப் புரட்டி) பார்க்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

சான்றில் "முந்தைய ஆவண எண்" என்று ஒரு இடம் இருக்கிறது. எங்களுக்கு அதுதான் உயிர்நாடி. கிரையத்திலிருந்து செட்டில்மெண்டுக்கு (குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்), அங்கிருந்து பாகப்பிரிவினைக்கு, அங்கிருந்து மூலப் பத்திரத்துக்கு என்று அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் போகிறோம். பல பதிவுகளில் அது வெறும் கோடாகவே இருக்கிறது. சங்கிலி அறுந்த அந்த இடத்தில்தான் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாத சகோதரி இருப்பார். பதிவின்போதே இந்த இடத்தை நிரப்புவதைக் கட்டாயமாக்குங்கள்.

இனி, தேடல் முழுதாக நடந்தாலும் சான்றில் வராதவை. உயில் பதிவு அலுவலகத்தின் 3ஆம் புத்தகத்தில் பதிவாகிறது. கிரையம், அடமானம் போன்றவை பதிவாகும் 1ஆம் புத்தகத்தின் அட்டவணையைப் பார்த்துத் தரும் சான்றில் அது வராது. பதிவே செய்யாத உயிலும் செல்லும் என்பது வேறு. நீதிமன்ற வழக்கு, பதிவு செய்யப்படாதவரை, வராது. வங்கியில் மூலப் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடனுக்கு ஒப்படைப்புக் குறிப்பாணை (பத்திரத்தை ஒப்படைத்ததைக் குறிக்கும் ஆவணம்) பதிவாகவில்லை என்றால் அதுவும் வராது. வங்கிக் கடன்களுக்கு செர்சாய் என்ற மத்திய பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டி யாரும் தேடலாம். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வதும் இதனால்தான்.

தேதி விஷயம் இன்னும் நுட்பமானது. பதிவுச் சட்டம் 23ஆம் பிரிவின்படி, எழுதிக் கையெழுத்திட்ட ஆவணத்தை 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். 47ஆம் பிரிவின்படி, பதிவானதும் அது எழுதிய நாளிலிருந்தே செல்லும். மார்ச் 3ஆம் தேதி ஒருவருக்குக் கிரையம் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே மனையை மே 12ஆம் தேதி இன்னொருவருக்கு எழுதிப் பதிவும் செய்து கொடுக்கிறார் விற்பவர். மே மாதம் எடுத்த சான்றில் ஒன்றும் இருக்காது. ஜூன் 20ஆம் தேதி முதல் பத்திரம் தாக்கலாகிப் பதிவானால், அதுதான் முந்திய பத்திரம். பதிவன்று காலையில் ஒரு சான்று, பதிவாகி 4 மாதம் கழித்து மற்றொன்று எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

"பேங்க்காரனே லோன் கொடுத்துட்டான், அப்புறம் என்ன?" என்ற நம்பிக்கையும் இருக்கிறது. வங்கி வழக்கறிஞர் தரும் கருத்துரை வங்கியின் கடனைக் காப்பதற்காக வங்கிக்கு எழுதப்பட்டது. வாங்குகிறவரின் உரிமைக்கு அது உத்தரவாதம் ஆகாது.

40 லட்சம் ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 3,60,000 ரூபாய் உங்கள் துறைக்கு வருகிறது. இந்தப் பணத்தை வீட்டுக் கடனில் சேர்க்க வங்கிகள் பொதுவாக ஒப்புவதில்லை. நகையை விற்றும் பி.எஃப். எடுத்தும் கட்டுகிறார்கள். அவ்வளவு கட்டுகிறவருக்குச் சான்றின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், நல்ல தமிழில் இந்த வரிகளை அச்சிட்டுக் கொடுங்கள்:

"இச்சான்று மேலே கண்ட எண்களில், மேலே கண்ட அலுவலகத்தில், மேலே கண்ட காலத்துக்கு மட்டும் தேடித் தரப்பட்டது. இச்சொத்தின் பழைய எண்கள்: ____. முன்பு இருந்த அலுவலகம்: ____, ____ தேதி வரை. உயில், வழக்கு, பதிவாகாத ஒப்பந்தம், பதிவாகாத வங்கி அடமானம் இதில் இடம்பெறாது. கடந்த 4 மாதத்தில் எழுதப்பட்டு இன்னும் தாக்கலாகாத ஆவணம் இருக்கக்கூடும்."

இப்படிக்கு,
சொத்து ஆவணங்களைச் சரிபார்க்கும் தொழிலில் உள்ளோர்