செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: நம் விலாசம் யார் பேரில்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், காரைக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது, ஐப்பசியைத் தவிர. தீபாவளி வியாபாரத்தில் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. ஆத்தங்குடித் தரைக்கல் போடும் உறுப்பினர்கள் மணல் விஷயமாகக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. சந்தா பாக்கிப் பட்டியலை இந்த ஆண்டு வாசிக்க வேண்டாம் என்று பொருளாளர் கேட்டுக்கொண்டார். அதில் தன் பேர் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்.

சரி, இனி இந்த ஆண்டு நம் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு, நம் சங்கத்து இணையப் பக்கத்தின் பெயர் கைவிட்டுப் போகப் பார்த்த கதைக்கு, வருகிறேன்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை காலை பலகாரக் கடை ஆச்சி போன் செய்தார்கள். "தம்பி, சங்கத்துப் பக்கம் திறக்க மாட்டேங்குதாம். சிங்கப்பூர்லேர்ந்து பேத்தி சொல்றா." என் போனில் போட்டுப் பார்த்தேன், வந்தது. "எனக்கு வருது ஆச்சி, அங்கே நெட் சரியில்லையோ என்னமோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். மத்தியானம் எனக்கும் வரவில்லை. சாயங்காலத்துக்குள் யாருக்குமே வரவில்லை. சங்கத்து மின்னஞ்சலும் போயிற்று. தேன்குழல், மணகோலம் ஆர்டர் எல்லாம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

ஆச்சியின் பேத்திக்கு வராதது எனக்கு மட்டும் எப்படி வந்தது? நாம் ஒரு பெயரைத் தட்டினால், அது எந்த எண்ணுள்ள கணினியைக் குறிக்கிறது என்று நம் இணைப்பு கொடுப்பவர் ஒருமுறை கேட்டுவந்து, கொஞ்ச நேரம் மனப்பாடமாக வைத்துக்கொள்கிறார். அந்த நேரம் முடியும்வரை பழைய பதில்தான் கிடைக்கும். ஒவ்வொருவரிடமும் அது ஒவ்வொரு நேரத்தில் தீரும். கடையைக் காலி செய்த பிறகும் பழைய வழியையே கைகாட்டும் பெட்டிக்கடைக்காரர் மாதிரி.

விசாரித்ததில், நம் பெயருக்கான கெடு முடிந்து சில நாள் ஆகியிருந்தது. பெயர் விற்கும் கம்பெனிக்குப் போன் செய்தேன். பதிவு உங்கள் சங்கத்தின் பேரில் இல்லை, உங்களிடம் எதுவும் பேச முடியாது என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. யோசித்தால் அவர்கள் செய்ததுதான் சரி. யாரோ ஒருவர் போன் செய்து நான்தான் செயலாளர் என்றால் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிடவா முடியும்?

அந்தப் பெயர், ஆறு வருடத்துக்கு முன்னால் நமக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்த பையனின் பேரில் இருந்தது. அவர் தன் பேரில், தன் கல்லூரி மின்னஞ்சலில், தன் கார்டில் வாங்கியிருக்கிறார். கல்லூரி முடிந்தது, மின்னஞ்சல் மூடியது, கார்டு காலாவதியானது, ஆள் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். நினைவூட்டல் கடிதமெல்லாம் திறக்காத பெட்டிக்குப் போயிருக்கிறது. அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. பணம் கொடுத்தபோது ரசீதில் யார் பேர் என்று நாம்தான் பார்க்கவில்லை. அன்றைய செயற்குழுவில் நானும் இருந்தேன்.

இதை நம் ஊரில் செய்தோம் என்பதுதான் வெட்கம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களுக்குக் கட்டடத்தைவிட விலாசம், அதாவது தொழில் நடக்கும் பேர், பெரிது. ஏஜெண்டு மூன்று வருடக் கணக்குக்குப் போவார், வருவார். பேரேடு முதலாளி விலாசத்தில் நடக்கும். ஏஜெண்டு தன் பேரில் கடையை எழுதிக்கொள்ள எந்த முதலாளியாவது விட்டிருப்பாரா? நாம் விட்டோம்.

பையனைப் பிடித்தோம். அவர் நல்லவர். சிங்கப்பூரிலிருந்து இரவு பதினோரு மணிக்கு வரிசையாகக் கடவு எண்களைச் சொல்ல, பொருளாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போனை மூக்கில் ஒட்டிவைத்துத் தட்டினார். மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. அதற்குள் மீட்புக் காலம் தொடங்கியிருந்ததால் சாதாரணக் கட்டணத்தோடு மீட்புக் கட்டணமும் கட்டினோம். அந்தக் காலமும் கடந்திருந்தால் பெயர்களைப் பதிந்துவைக்கும் ஏட்டிலிருந்து நம் பெயர் அழிக்கப்பட்டு, முதலில் கேட்டவருக்குப் போயிருக்கும்.

அப்படி வேறு யாராவது எடுத்திருந்தால் என்ன செய்வது என்று நம் வக்கீல் உறுப்பினரைக் கேட்டேன். நம்முடையதைப் போல 'புள்ளி இன்' (.in) என்று முடியும் பெயர்களுக்கென்று தாவா தீர்க்கும் விதிமுறை இருக்கிறது, மத்தியஸ்தர் முன் போகலாம். பெயர் நம்முடையதோடு குழப்பும்படி இருக்கிறது, அவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, வாங்கியதிலோ பயன்படுத்துவதிலோ கெட்ட எண்ணம் இருக்கிறது என்று மூன்றையும் காட்ட வேண்டும். ஜெயித்தால் பெயர் மாறும் அல்லது ரத்தாகும். சும்மா இருந்து பெயரைத் தவறவிட்டவருக்கு மூன்றாவதை நிரூபிப்பது லேசில்லை என்றார்.

பெயர் திரும்பிய பிறகும் எனக்கு ஒரு கேள்வி விடவில்லை. இந்த ஏட்டை யார் வைத்திருக்கிறார்கள்? கம்பெனியில் கேட்டால் நாங்கள் பெயரை விற்றுப் பதிந்துகொடுக்கும் ரிஜிஸ்ட்ரார் மட்டும், ஏட்டை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரி வேறு என்கிறார்கள். படித்துப் பார்த்ததில், இது நமக்குத் தெரிந்த ஏற்பாடுதான். நகரத்தார் கல்யாணத்துக்குக் கோவில் மாலை வருகிறது, கோவில் ஏட்டில் பதிவாகிறது, தம்பதி ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு குடும்பம். ஒரு புள்ளி ஒரே கோவிலில்தான். ஏடு கோவிலில் இருக்கிறது, நாம் பதிந்துகொள்கிறோம். இணையத்திலும் அந்த கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 'இன்' என்பதுதான் கோவில். அதன் ஏட்டில் ஒரு பெயர் ஒருமுறைதான் இருக்க முடியும்.

புள்ளி இன் 1989ல் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது. மலேசியாவுக்கு 1987லும் சிங்கப்பூருக்கு 1988லும் கிடைத்துவிட்டது. இலங்கைக்கு 1990. நாம் கொண்டுவிக்கப் போன ஊர்கள் இரண்டு நமக்கு முந்திக்கொண்டன! ஆரம்பத்தில் நம் நாட்டில் பெயர் கொடுப்பதில் கெடுபிடி அதிகம். 2005க்கு முன் மொத்தமே ஏழாயிரம் அளவில்தான் பெயர்கள். 2003ல் லாப நோக்கமில்லாத கம்பெனியாகத் தொடங்கிய நிக்சியிடம் (NIXI) ஏட்டுப் பொறுப்பு வந்து, 2005 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அரசு அலுவலகங்களுக்கான பெயர்களை அரசின் தகவல் மையமான என்ஐசியும், கல்வி நிலையங்களுக்கானதைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான எர்நெட்டும் பார்த்துக்கொள்கின்றன. மற்றதை நாம் ரிஜிஸ்ட்ரார் வழியாகத்தான் வாங்க முடியும், நேரே போய்க் கேட்க முடியாது.

இந்த ஏட்டை ஓட்டும் தொழில்நுட்ப வேலையை நிக்சி ஒப்பந்தத்தில் விடுகிறது. 2019ல் ஒப்பந்தக்காரர் மாறியபோது இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றியிருக்கிறார்கள். நம் பெயரும் அதற்குப் பிறகு அங்கேதான் போய்ச் சேர்ந்தது, நமக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலாள் மாறிய அன்றும் கடையின் பெட்டியடியில் வரவு எழுதுவது நிற்காதே, அது போலத்தான்.

இணையப் பெயர் ஏற்பாட்டை ஆரம்பத்தில் கவனித்துவந்த ஜான் போஸ்டல் என்பவர் 1994ல் எழுதிவைத்த விதிகளில், இப்படி ஏடு வைத்திருப்பவர் தன் நாட்டுக்கும் உலக இணையத்துக்கும் தர்மகர்த்தா என்று இருக்கிறது. உரிமை கொண்டாடாதே, கடமையைப் பார் என்கிறார். எது நாடு, எது நாடில்லை என்று முடிவு செய்யும் வேலையும் எங்களுக்கு வேண்டாம் என்று, ஏற்கெனவே இருந்த பன்னாட்டு நாட்டுக் குறியீட்டுப் பட்டியலையே எடுத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம். யூகோஸ்லாவியா என்ற நாடு போனபின் அதன் குறியீடும் 2010ல் நீக்கப்பட்டது. சோவியத் யூனியனின் 'சு' (.su) மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதை யாரும் நீக்கவில்லை.

தமிழ்ப் பெயருக்கு வருகிறேன். புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர் என்று பெயரின் கடைசியில் வரும் மூன்று நாட்டு முடிவுகள் தமிழ் எழுத்திலேயே உண்டு. நாமும் ஒன்று வாங்கலாம் என்று தலைவர் விரும்பினார். உள்ளே போனால் கணினி அதை 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு சிறுகோடு போட்டு ஏதோ ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வைத்துக்கொள்கிறது. துணைச் செயலாளர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, தகடு எழுதின மாதிரி இருக்கு" என்றார்.

நான் அச்சகம் வைத்திருப்பவன், அதனால் வேறொன்று கண்ணில் பட்டது. ஔவை என்பதை ஔ என்ற ஒரே எழுத்தில் தொடங்கலாம். ஒ, ள என்று இரண்டாகவும் தட்டலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஸ்ரீயும் அப்படியே, ஸவில் தொடங்குவது ஒன்று, ஶவில் தொடங்குவது ஒன்று. கல்யாணப் பத்திரிகையில் எது வந்தாலும் மாப்பிள்ளை மாறிவிட மாட்டார். கடைப் பெயரில் மாறினால் பணம் வேறு கடைக்குப் போகும். நம் ஊரில் ஸ்ரீ இல்லாத கடை எத்தனை? ஆகவே ஒன்றை ஒருவருக்குக் கொடுத்தால் அதன் இரட்டையை இன்னொருவருக்குக் கொடுக்காமல் அடைக்கும் விதியை ரிஜிஸ்ட்ரிதான் வகுக்க வேண்டும். தமிழ்ப் பெயர் வாங்கலாம் என்பது என் கருத்து, ஆனால் ஆங்கில எழுத்துப் பெயரை விடக்கூடாது. பல படிவங்கள் தமிழ் மின்னஞ்சலை இன்னும் ஏற்பதில்லை.

வங்கிப் பக்கங்களின் பெயர் முடிவு மாறிவிட்டதே, ஏமாற்று வேலையா என்று பலர் கேட்டீர்கள். ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் புள்ளி இன்' (.bank.in) என்ற முடிவுக்கு மாறச் சொன்னதால் வந்த மாற்றம் அது. வங்கிகளுக்கு மட்டுமே அந்த முடிவு கிடைக்கும். அதனால் இனி வேறு முடிவோடு வரும் வங்கி லிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். 1937ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று ஒரே நாளில் மூன்று இடத்தில் ஐஓபி (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி) திறந்த ஊர்க்காரர்கள் நாம், போலி லிங்கில் பணம் விட்டோம் என்று பேர் வாங்க வேண்டாம்.

அப்புறம், கணக்கு. மீட்புச் செலவு பொருளாளர் அறிக்கையில் 'இதர' என்ற தலைப்பில் இருக்கிறது. தனித் தலைப்பில் போடச் சொன்னேன், கேட்கவில்லை.

இப்போது பெயர் சங்கத்தின் பேரில் இருக்கிறது. மின்னஞ்சல் சங்கத்துக்கென்று தனியாக, வேறு பெயரில் வாங்கியது. நம் பெயரிலேயே மின்னஞ்சல் வைத்தால் பெயர் படுத்தால் நினைவூட்டலும் சேர்ந்து படுத்துவிடும். கடவுச்சொல் தலைவர், பொருளாளர், செயலாளர் மூவரிடமும் உள்ளது. ஐந்து வருடத்துக்குக் கட்டியாகிவிட்டது. அடுத்த கெடு தேதியைச் சங்கத்து இரும்புப் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயிண்டால் எழுதியிருக்கிறேன். பெட்டியைத் திறக்காமல் எந்தச் செயலாளரும் பொறுப்பு வாங்க முடியாது.

உறுப்பினர்கள் தங்கள் கடைப் பெயர் யார் பேரில் இருக்கிறது என்று பார்த்து, அடுத்த மாதக் கூட்டத்துக்கு ரசீதோடு வரவும்.

இவ்வறிக்கையையும் வரவு செலவையும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்