அண்டார்டிகா பனிக்கு ஒரே காரணமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணை திறந்ததாலேயே அண்டார்டிகாவில் பனிப்பாளம் உருவானது என்று தங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை முடித்துவிட்டது அவசரமாகப் படுகிறது. ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் கரியமில வாயு குறைந்ததற்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்பதே இன்று பல ஆய்வாளர்களின் கருத்து. நீரிணை ஆழமாகத் திறந்த காலம் குறித்தே இன்னும் வாதம் ஓயவில்லை.

கடலடிச் சேற்றில் கிடைக்கும், மணற்பருக்கை அளவேயான ஃபோராமினிஃபெரா உயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகளில் எடை கூடிய ஆக்சிஜன் வகையான ஆக்சிஜன்-18-இன் விகிதம் அக்காலத்தில் உயர்ந்திருப்பது உண்மைதான். ஆனால், நீர் குளிர்ந்தாலும் அது உயரும். எடை குறைந்த ஆக்சிஜன்-16 நிலத்துப் பனியில் சிறைப்பட்டாலும் உயரும். இரண்டையும் பிரித்தறியவே, நீரின் வெப்பநிலையைக் காட்டும் மக்னீசியம்-கால்சியம் விகிதத்தையும் ஓட்டில் அளக்கிறார்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தொடரின் அடுத்த பகுதியிலாவது சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்