கதவு திறந்திருக்கும் நேரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் "புரொபசர் ரூமுக்குப் போயிட்டு வந்தேன்" என்றதும் உங்கள் குரலே மாறிவிட்டது. "என்னம்மா ஆச்சு, ஏதாவது தப்பு பண்ணிட்டியா? நான் வேணா பேசட்டுமா?" என்று கேட்டீர்கள். லைன் விட்டுவிட்டு வந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் உட்கார்ந்து விவரமாக எழுதுகிறேன். தம்பியிடமும் கொடுங்கள்.

என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, அப்பா. நானாகத்தான் போனேன்.

இங்கே அமெரிக்காவில் செமஸ்டர் தொடங்கும்போதே ஒவ்வொரு பாடத்துக்கும் சிலபஸ் கொடுத்துவிடுவார்கள். பாடத்திட்டம் மட்டுமல்ல, எந்தத் தேர்வுக்கு எத்தனை சதவீதம், தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும் என்று எல்லாமே அதில் இருக்கும். மேலேயே புரொபசர் பெயருக்குக் கீழே 'ஆபீஸ் அவர்ஸ்' என்று போட்டு, கிழமை, நேரம், அறை எண் எழுதியிருப்பார்கள். என் இயற்பியல் புரொபசருக்கு செவ்வாயும் வியாழனும் 2 மணியிலிருந்து 3 மணி வரை. நான் அதை எப்படிப் புரிந்துகொண்டேன் தெரியுமா? அது அவர் அறையில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கும் நேரம், அப்போது போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்று. அர்த்தம் நேர் எதிர். மாணவர்கள் வருவதற்கென்றே ஒதுக்கிவைத்த நேரம் அது. முன்கூட்டிச் சொல்லவும் வேண்டியதில்லை, பெரும்பாலும் நேரே போய் நிற்கலாம். என்னைப் போலவே நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வதால், சில புரொபசர்கள் அந்தப் பெயரையே மாற்றி 'ஸ்டூடண்ட் அவர்ஸ்' என்று போடுகிறார்களாம்.

பெரியவர்கள் வேலையாக இருக்கும்போது போய் நிற்கக்கூடாது என்று நீங்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை அப்பா, அந்தப் பழக்கத்தால் எனக்கு எவ்வளவோ நல்லது நடந்திருக்கிறது. ஆனால் இங்கே அதே பழக்கம்தான் ஐந்து வாரம் என்னை அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. இரண்டு தடவை அந்த மாடிக்குப் போய், திறந்த கதவையும் உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கும் அவரையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

செமஸ்டர் நடுவில் வைக்கும் மிட்டெர்ம் தேர்வில் 100க்கு 41 வந்தது. உங்களிடம் சொல்லவில்லை, மன்னியுங்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே போனேன்.

முதல் தடவை எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "எதுவுமே புரியவில்லை" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரி, எதுவரைக்கும் புரிந்தது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கே புரியாமல் போயிற்று என்று நானே தேடிப் பார்க்கவில்லையே. "நீ போட்டுப் பார்த்த கணக்கை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வா. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தப்பாக இருந்தால் இன்னும் நல்லது" என்று சொல்லி அனுப்பினார்.

வியாழக்கிழமைக்குள் ஒரே ஒரு கணக்கை எடுத்து மூன்று விதமாகப் போட்டேன். எந்த வரியில் மாட்டிக்கொண்டேனோ அங்கே பென்சிலால் கோடு போட்டேன். கேட்க வேண்டியதையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பேசும்போது எனக்கு வார்த்தை தடுக்கிவிடுகிறது, எழுதி வைத்திருந்தால் வாசித்துவிடலாம்.

சாய்வான பலகை மேல் ஒரு கட்டை இருக்கிறது, உராய்வு விசை எவ்வளவு என்பதுதான் கணக்கு. அதற்குப் பலகை கட்டையை எவ்வளவு விசையோடு தாங்குகிறது என்று தெரிய வேண்டும். நான் கட்டையின் எடையை அப்படியே போட்டிருந்தேன். அவர் அதைத் தப்பென்று சொல்லவில்லை. மேஜையிலிருந்து ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்து, அதன் மேல் போர்டு துடைக்கும் டஸ்டரை வைத்தார். "இப்போது புத்தகம் டஸ்டரை எவ்வளவு தாங்குகிறது?" "அதன் எடை அளவுக்கு." "கொஞ்சம் சாய்." சாய்த்தேன். "இப்போதும் அதே அளவா?" எனக்குத் தெரியவில்லை. "சாய்த்துக்கொண்டே போ" என்றார். புத்தகம் நிமிர நிமிர டஸ்டர் நழுவி என் மடியில் விழுந்தது. "நேராக நிமிர்ந்து நிற்கும்போது புத்தகம் அதை எவ்வளவு தாங்குகிறது?"

கொஞ்சமும் இல்லை, அப்பா! படுத்திருக்கும்போது முழு எடை, நின்றால் ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் நடுவில் ஒவ்வொரு கோணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வர வேண்டும். சூத்திரத்தில் எடையோடு பெருக்குகிறோமே, அந்தக் கோணத்தின் கொசைன் செய்வது அதைத்தான். 60 டிகிரி சாய்வில் கொசைன் அரை, ஆகவே பலகை தாங்குவது எடையில் சரிபாதி. இந்தச் சூத்திரத்தை நான் பள்ளிக்கூடத்திலிருந்தே எழுதிவருகிறேன், அது எங்கிருந்து வருகிறது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அடுத்த வகுப்பில் 200 பேருக்கு முன்னால் அவர் அதே புத்தகத்தையும் டஸ்டரையும் வைத்துத்தான் தொடங்கினார். என் பெயரைச் சொல்லவில்லை. பிறகு அவர் அறையில் நான் நன்றி சொன்னபோது, "நீ வந்திருக்காவிட்டால் அது புரியவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? வகுப்பில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு படியிறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் தொந்தரவு என்று நினைத்திருந்தது அவருக்கு வேண்டியதாக இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து வாரா வாரம் போகிறேன். கேள்வி இல்லாத வாரத்திலும் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். மற்றவர்கள் கேட்பதைக் கேட்டால், நான் புரிந்துவிட்டதாக நினைத்த இடத்திலும் ஓட்டை இருப்பது தெரிகிறது. தேர்வுக்கு முந்தைய நாள் மட்டும் போகவே கூடாது. வராண்டா முழுக்க வரிசை நிற்கும், ஆளுக்கு மூன்று நிமிஷம்கூடக் கிடைக்காது. இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் போனால் அவர் நமக்கே நமக்கு. அவருக்கு உதவியாக டி.ஏ. என்று ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தனியாக நேரம் உண்டு. வீட்டுப்பாடக் கணக்குகளுக்கு அவர்களிடமே முதலில் போகிறேன்.

திருத்திய விடைத்தாளை எடுத்துக்கொண்டு போவதைப் பற்றித் தம்பிக்குத் தனியாகச் சொல்லுங்கள். "எனக்கு ஏன் இந்த மார்க்" என்று தொடங்கினால் இருவருக்குமே சங்கடம், பேச்சு அங்கேயே நின்றுவிடும். தாளை ஒரு நாள் வைத்திருந்து, கோபம் ஆறிய பிறகு, "இந்த இடத்தில் நான் இப்படி யோசித்தேன், எங்கே வழி தவறினேன்?" என்று கேட்க வேண்டும். என் 41 மார்க் தாளை அப்படித்தான் இருவரும் வரி வரியாகப் பார்த்தோம். ஐந்து தப்புகளில் மூன்று ஒரே தப்பு.

அந்தப் பாடத்தையே விட்டுவிடலாமா என்றும் அவரிடம் கேட்டேன். "அது உன் முடிவு, ஆனால் முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வா" என்றார். நல்லவேளை சொன்னார். இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று ஒரு கணக்கு உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளங்கலை படிப்பவர்கள் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். என்னிடம் இருப்பது 13, இந்தப் பாடம் 4. முன் அனுமதி இல்லாமல் விட்டிருந்தால் விசாவுக்கே சிக்கலாகியிருக்கும். விடவில்லை.

நீங்கள் அவரிடம் பேசட்டுமா என்று கேட்டீர்களே, அது இங்கே நடக்காது அப்பா. 1974லேயே இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மார்க் போன்ற பதிவுகள் மீதான உரிமை மாணவருடையது. என் சம்மதமில்லாமல் பெற்றவர்களிடம்கூடப் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். முதலில் கேட்டபோது எனக்கே கஷ்டமாக இருந்தது. அதனால் இனி மார்க்கை நானே சொல்கிறேன், நல்லதோ கெட்டதோ.

போன வாரம் கணக்கெல்லாம் முடிந்த பிறகு, அவர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று கேட்டேன். வெறுமனே கேட்கவில்லை, அவருடைய ஆய்வகத்தின் பக்கத்தை முந்தின நாள் படித்துவிட்டுப் போனேன், பாதிதான் புரிந்தது. மணலும் குருணையும் எப்போது நிற்கும், எப்போது சரியும் என்பதைத்தான் பார்க்கிறார்களாம். அந்தச் சாய்வுப் பலகையேதான், கட்டைக்குப் பதிலாக லட்சக்கணக்கான மணிகள். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கீழே கூட்டிக்கொண்டு போய் ஆய்வகத்தைக் காட்டினார். மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலான இடங்களில் மூன்று பேரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். மார்க்கை மட்டும் தெரிந்தவர் இரண்டு வரிக்கு மேல் என்ன எழுத முடியும்? ஆனால் அன்று நான் அதற்காகக் கேட்கவில்லை. அவர் எதை நினைத்துக்கொண்டு காலையில் எழுந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது.

நாளை வியாழக்கிழமை. சுழலும் சக்கரத்தைப் பற்றி ஒரு கணக்கு, நாலாவது வரியில் நிற்கிறது. பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று சொல்லுங்கள். அடுத்த தேர்வு முடிந்ததும் மார்க்கோடு எழுதுகிறேன்.

உங்கள் அன்பு மகள்