சாக்கில் சதவீதத்தை எழுதித் தாருங்கள்

வன்னிப் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் கிராமக் குடிநீர்ச் சங்க நிர்வாகத்தினருக்கும்,

மாரி வந்து வெள்ளம் வடிந்ததும் கிணறுகளுக்குக் குளோரீன் போடும் வேலை தொடங்கும். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இம்முறை "கிணற்றுக்கு ஒரு பேணி பிளீச்சிங் பவுடர்" என்ற கணக்கைக் கைவிடுங்கள். அதில் கிணற்றின் அளவும் இல்லை, தூளின் வீரியமும் இல்லை.

புதிய பிளீச்சிங் பவுடரில் 30 முதல் 35 சதவீதம் வரை வேலை செய்யும் குளோரீன் இருக்கும். தகரக் கூரையின் கீழ் வாய் திறந்த சாக்கில் கிடந்தால் வெக்கையும் ஈரமும் அதைத் தின்றுவிடும். மூக்கைத் துளைக்கும் மணம் அப்போதும் இருக்கும், மணத்தை நம்பாதீர்கள்.

நீரிலுள்ள குளோரீனை நிறத்தால் காட்டும் டி.பி.டி. பெட்டி பொதுச் சுகாதார பரிசோதகரிடம் இருக்கும், தூளைச் சோதிக்க அதுவே போதும். சாக்கின் நடுவிலிருந்து 1 கிராம் தூளை எடுத்து 1 லீற்றர் வடித்த நீரில் கலக்கி, சுண்ணாம்பை அடைய விடுங்கள். மேலே தெளிந்ததில் 5 மில்லிலீற்றரைச் சிறிஞ்சால் எடுத்து இன்னொரு லீற்றர் வடித்த நீரில் சேர்த்து, அந்த நீரைப் பெட்டியிலுள்ள குளிசை போட்டுப் பாருங்கள். வாசிப்பை (லீற்றருக்கு மில்லிகிராம்) 20ஆல் பெருக்கினால் தூளின் சதவீதம்: 1.6 என்றால் 32, 0.7 என்றால் 14. கிணற்று நீரில் கரைத்தால் இரும்பும் அழுக்கும் குளோரீனைக் குடித்துவிடும். ஐதாக்காமல் சோதிப்பது அதைவிட மோசம். மிகையான குளோரீன் நிறத்தையே வெளுத்துவிடுவதால் நல்ல தூளும் பூச்சியம் காட்டும்.

இனிக் கிணறு. விட்டத்தை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 22ஆலும் பெருக்குங்கள், லீற்றர் கிடைக்கும். 10 அடி விட்டம், 8 அடி நீர் என்றால் 17,600. லீற்றருக்கு 20 மில்லிகிராம் என்று பார்த்தால் 352 கிராம் குளோரீன் வேண்டும். 32 சதவீதத் தூளில் அது 1.1 கிலோ, 14 சதவீதத் தூளில் 2.5 கிலோ. பேணிக் கணக்கு எங்கே பிழைக்கிறது என்பது இதிலேயே தெரியும்.

கலங்கிய நீரில் கொட்டுவது வீண். முதலில் இறைத்துச் சேற்றை அகற்றுங்கள். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் நாளில் கட்டில்லாத கிணற்றை ஒரேயடியாக இறைத்தால் சுவர் சரியும், ஆகவே மெல்ல மெல்ல. பிறகு தூளை நீரில் கரைத்து அடையவிட்டு, தெளிந்த கரைசலை மட்டும் ஊற்றி, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு விடுங்கள். வாசிப்பு 0.5 அளவுக்கு இறங்கும்வரை இறைத்த பின்பே குடிக்கலாம். இறைத்த நீரைக் குளத்துக்கோ பயிருக்கோ விடவேண்டாம். பக்கத்து மலசலகூடக் குழி கசிந்துகொண்டிருந்தால் ஒருநாள் குளோரீன் ஒருநாளைக்குத்தான்.

நீச்சல் தடாகக் குளிசையின் பொதியில் 90 சதவீதம் என்றிருப்பதைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் வேறு சேர்மம். அதிலிருந்து வரும் சயனூரிக் அமிலம் நீரிலேயே தங்கும். அதையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலந்தால் வெடிக்கவும் கூடும். சங்கக் களஞ்சியத்தில் யூரியா, மண்ணெண்ணெய், அமிலம் எதனோடும் இந்தச் சாக்குகளை அடுக்காதீர்கள். மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி, நிழலான அறை, வாளியின் வெளிப்புறத்தில் சோதித்த திகதியும் சதவீதமும். பகிர்ந்தளிக்கும் நாளுக்கு முதல் வாரத்தில் மீண்டும் ஒருமுறை சோதித்து அந்த எண்ணைத் திருத்துங்கள்.

வன்னி நீர்த்தரப் பணியாளர்கள் சிலர்